துறை மாறி வெப் டெவலப்பர் ஆவது எப்படி: வடசென்னையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நான் படித்தது பி.காம். பாரிமுனை தம்புச் செட்டி தெருவில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஆறு வருடம் டாக்குமெண்டேஷன் பார்த்தேன். அங்கிருந்து வெப் டெவலப்பர் வேலைக்கு மாற பதினான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகு தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். சிலர் மாறிவிட்டார்கள், சிலர் பாதியில் விட்டுவிட்டார்கள். விட்டவர்களுக்கு மூளை குறைவு என்று சொல்லவே முடியாது. மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள், அவ்வளவுதான். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்கிறேன். காரணம் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் அந்தப் படியை மாற்றிக்கொள்ளலாம்.

1. ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் வீட்டுக் கணக்கு

முதல் தவறு இங்கேதான். "வேலையை விட்டால்தான் முழு மூச்சாகப் படிக்க முடியும்" என்று விட்டுவிடுவார்கள். மூன்றாவது மாதம் வாடகை இடிக்கும், நான்காவது மாதம் கையில் கிடைத்த டெலிவரி வேலையில் சேர்ந்துவிடுவார்கள். படிப்பு அத்தோடு போச்சு.

வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். வாடகை, மளிகை, சீட்டு, வண்டி டியூ, அம்மாவின் மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மாதச் செலவைக் கண்டுபிடியுங்கள். அதைப் போல ஆறு மடங்கு கையில் சேர்ந்த பிறகுதான் மற்ற பேச்சு.

ஏன் ஆறு மடங்கு? முதல் டெவலப்பர் சம்பளம் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் 24,000 வாங்கிக்கொண்டிருந்தேன், முதலில் கிடைத்தது 18,000. மாதம் 6,000 ரூபாய் பள்ளம் ஒன்றரை வருடம் இருந்தது. அதை நிரப்ப இந்தச் சேமிப்பு வேண்டும். பள்ளம் வரும் என்று வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபர் லெட்டர் வந்த அன்று சொன்னால் சண்டைதான் வரும்.

2. எந்த வேலை என்று முடிவு செய்வது

வெப் டெவலப்பர் என்ற பெயருக்குள் மூன்று வேலை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைச் செய்வது ஃப்ரண்ட்எண்ட். தரவைச் சேமித்து, சரிபார்த்து, திருப்பி அனுப்புவது பேக்எண்ட். இரண்டும் சேர்ந்தால் ஃபுல் ஸ்டாக். புதியவர்கள் ஃபுல் ஸ்டாக் என்றுதான் தொடங்குவார்கள், ஆனால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

ஃப்ரண்ட்எண்டில் தொடங்குங்கள். எழுதியது உடனே கண்ணில் தெரியும், தப்பும் உடனே தெரியும். தனியாகப் படிப்பவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

3. லேப்டாப்பும் உட்காரும் இடமும்

புது லேப்டாப் தேவையில்லை. ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய பிசினஸ் லேப்டாப்கள் கிடைக்கும். வாங்கும்போது நான்கைப் பாருங்கள். ரேம் குறைந்தது 8 ஜிபி. ஹார்ட் டிஸ்க் இல்லாமல் எஸ்எஸ்டி. ப்ராசசர் இன்டெல் எட்டாவது தலைமுறைக்குக் கீழே வேண்டாம்: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 எட்டாவது தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். பழைய மிஷின்தான் கிடைத்தது என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான உபுண்டு போட்டுக்கொள்ளலாம், வேலை நடக்கும்.

நான்காவது பேட்டரி. கடைக்காரர் "நாலு மணி நேரம் நிக்கும் சார்" என்பார். அங்கேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டும் வரும். பாதிக்குக் கீழே இருந்தால் விலையைக் குறையுங்கள்.

இடம்தான் நம் பக்கம் பெரிய பிரச்சினை. ஒரே ரூமில் ஐந்து பேர், டிவி, கீழே அடி பம்பு சத்தம். நான் காலை 4:45-க்கு எழுந்து 6:30 வரை படித்தேன். தண்ணி லாரி வந்துவிட்டால் அன்றைய படிப்பு முடிந்தது. கொளத்தூர், பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, உட்கார்ந்து வேலை செய்ய நல்ல இடம். மற்றவர்கள் மொட்டை மாடி, ஆபீஸ் மதிய இடைவேளை என்று பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தினம் ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் தினம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணி நேரம் உட்காருகிறவர்கள் முதல் மூன்று மணி நேரத்தைப் போன வாரம் படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளவே செலவழிக்கிறார்கள்.

4. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ்: ஆறு வாரம், அதற்கு மேல் வேண்டாம்

பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுவது எச்டிஎம்எல், அது எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதுவது சிஎஸ்எஸ். எழுதுவதற்கு விஎஸ் கோட் இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். பாடத்துக்கு ஃப்ரீகோட்கேம்ப் அல்லது ஓடின் ப்ராஜெக்ட், இரண்டில் ஒன்று. சந்தேகம் வந்தால் எம்டிஎன் என்ற விளக்கத் தளம். மூன்றும் இலவசம். நான்காவதாக ஒன்றைத் தேடாதீர்கள். பாடம் மாற்றிக்கொண்டே இருப்பது படிப்பது மாதிரியே தோன்றும், ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் அத்தியாயத்தையே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்த ஆறு வாரத்தில் செய்ய வேண்டியது ஒரே ஒரு பக்கம். உங்கள் தெருவில் இருக்கும் ஒரு கடைக்கான பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்தவர்களில் ஒரு பெண், பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) விற்கும் கடைக்குச் செய்தார். மெனு, விலை, நேரம், வரும் வழி. அவ்வளவுதான், ஆனால் அதற்குள் தலைப்பு, பட்டியல், படம், அட்டவணை, வண்ணம், பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் எல்லாம் வந்துவிடும்.

அவர் பக்கத்தில் வந்த தப்புகளைச் சொன்னாலே பாதிப் பாடம் ஆகிவிடும். தமிழ் எழுத்துகள் புரியாத குறியீடுகளாகத் தெரிந்தன: பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கவில்லை. போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது: பக்கத்தைப் போன் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரியை விட்டுவிட்டார். படம் அவர் லேப்டாப்பில் மட்டும் தெரிந்தது: படத்தின் முகவரியை அவருடைய சி டிரைவிலிருந்து கொடுத்திருந்தார், ஊரார் கம்ப்யூட்டரில் அந்தப் படம் எப்படி இருக்கும்?

5. கிட், கிட்ஹப், அப்புறம் பக்கத்தை ஊருக்குத் திறப்பது

எழுதியதில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைப்பது கிட், அதை இணையத்தில் வைத்துக்கொள்ளும் இடம் கிட்ஹப். பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் தொடும் முன்பே இதைச் செய்யுங்கள். பெரும்பாலான இன்ஸ்டிட்யூட்களில் கடைசி வாரம் வைப்பார்கள், என் கணக்கில் அது தப்பு. ஒரு பக்கத்தை இணையத்தில் ஏற்றி, லிங்கை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் போனில் திறந்து பார்த்தால்தான் என்ன வேலைக்குப் போகிறோம் என்பதே புரியும். கிட்ஹப் பேஜஸில் இலவசமாகவே ஏற்றலாம்.

ஏற்றியவுடன் ஒரு படம் காணாமல் போகும், பயப்படாதீர்கள். விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். கிட்ஹப் பேஜஸில் வேறு வேறு. கோப்புப் பெயர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி வராது.

தினமும் எழுதியதை அன்றன்றே கிட்ஹப்புக்கு அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வந்தபோது வியாசர்பாடியில் தரைத்தளத்தில் இருந்த ஒருவருடைய லேப்டாப் தண்ணீரில் போனது. நான்கு மாத வேலை அதற்குள்ளேயே இருந்தது. நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று நான்கு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

6. ஜாவாஸ்கிரிப்ட்: இங்கே அவசரம் கூடாது

குறைந்தது நான்கு மாதம். இதைத் தாண்டி, ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்ட ரியாக்ட் என்ற கருவிக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. வேலை விளம்பரம் எல்லாவற்றிலும் ரியாக்ட் என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ரியாக்டில் வருகிற பிழைகளில் பெரும்பாலானவை ஜாவாஸ்கிரிப்ட் பிழைகள்தான். ஃபங்ஷன், அர்ரே, ஆப்ஜெக்ட் என்ற அடிப்படைகள் கைவசம் இல்லாதவர் அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்து ரியாக்டையே திட்டுவார்.

எதைப் படித்தாலும், ஒரு வரி அடித்தால் உடனே விடை காட்டும் ப்ரௌசரின் கன்சோலில் அடித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேளுங்கள். மூன்று எழுத்து என்று நமக்குத் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடில் தனித்தனியாக எண்ணுகிறது. பெயருக்கு இருபது எழுத்து வரம்பு வைத்த படிவத்தில் தமிழ்ப் பெயர் ஏன் பாதியில் நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். ஆங்கிலம் மட்டும் வைத்துப் பழகியவருக்கு இது தெரியவே தெரியாது. இன்டர்வியூவில் ஒரு தடவை இதைச் சொன்னேன், கேட்டவரே கன்சோலைத் திறந்து அடித்துப் பார்த்தார்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ கருவிகளை வைத்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் நீங்கள் எழுதுங்கள். ஓடாவிட்டால் அரை மணி நேரம் முட்டிப் பாருங்கள். அப்புறம் "ஏன் ஓடவில்லை" என்று கேளுங்கள். "எழுதித் தா" என்று கேட்காதீர்கள். அதுவே எழுதிக் கொடுத்த ப்ராஜெக்டில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் எந்த வரி என்று தேடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

7. முதல் ப்ராஜெக்ட் உங்கள் பழைய மேஜையிலிருந்து

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே இதுதான் பெரிய படி. டு-டூ லிஸ்ட், கால்குலேட்டர், வெதர் ஆப் என்று எல்லோரும் ஒரே மூன்றைச் செய்து ரெஸ்யூமேயில் போடுகிறார்கள். பார்ப்பவருக்கு அலுத்துவிட்டது. ஆனால் உங்கள் பழைய வேலையில் தினம் உயிரை வாங்கிய ஒரு கணக்கு இருக்கும். அது அந்தத் துறையில் இல்லாத கம்ப்யூட்டர் பட்டதாரிக்குத் தெரியாது. அதைச் செய்யுங்கள்.

எனக்கு அது கண்டெய்னர் டெட்டன்ஷன். கண்டெய்னரை ஷிப்பிங் லைன் சில நாள் இலவசமாகத் தரும், அதைத் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று ஸ்லாப் வாரியாக ஏறும். ஐந்து நாள் இலவசம், அடுத்த ஐந்து நாளுக்குத் தினம் 1,500, அதற்கு மேல் 3,000 என்று வைத்துக்கொள்வோம். கண்டெய்னர் 14 நாள் இருந்தால் 7,500-ம் 12,000-ம் சேர்த்து 19,500. இதை லைனுக்கு லைன் வேறு வேறு ஸ்லாபில், பார்ட்டி (சரக்குக்காரர்) போனில் கத்திக்கொண்டிருக்கும்போது எக்செல்லில் போட்டுக்கொண்டிருப்போம். அதையே ஒரு வெப் பக்கமாகச் செய்தேன்.

மூன்று வாரம் எடுத்தது, அதில் இரண்டு வாரம் இரண்டு பிழையோடு போனது. முதல் பிழை: இலவச நாள் 5 என்று ஒரு பெட்டியில், லைன்காரரைக் கெஞ்சி வாங்கிய கூடுதல் நாள் 2 என்று இன்னொரு பெட்டியில் அடித்தால், மொத்த இலவசம் 52 நாள் என்று காட்டியது. அவ்வளவு தாராளமான லைனை நான் துறைமுகத்தில் பார்த்ததே இல்லை! பெட்டியில் அடிப்பது எண்ணாக இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்துச் சரமாகத்தான் வந்து சேரும். கூட்டச் சொன்னால் ஒட்டிவிடும். முதலில் எண்ணாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது பிழை தேதி. ஆகஸ்ட் 15 நள்ளிரவு என்று உள்ளே ஒரு தேதியை உருவாக்கி, அதை நிலையான ஐஎஸ்ஓ வடிவில் அச்சிட்டால் ஆகஸ்ட் 14 என்று வந்தது. அந்த வடிவம் உலகப் பொது நேரத்தில்தான் அச்சிடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இங்கே 15-ஆம் தேதி நள்ளிரவு என்றால் அங்கே 14-ஆம் தேதி மாலை 6:30. டெட்டன்ஷனில் ஒரு நாள் தவறினால் 3,000 ரூபாய் தவறும், அதனால் இதைக் கண்டுபிடிக்காமல் விட முடியவில்லை. இன்னொன்று: ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் பூஜ்யத்தில் தொடங்கும், ஜனவரி 0. இரண்டும் சேர்ந்து குழப்பியதில் தூக்கம் போனது.

உங்களுக்கு அது வேறாக இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் இருந்தவர் எக்ஸ்பைரி தேதி நெருங்கும் மருந்துப் பட்டியல் செய்யலாம். காசிமேட்டில் மீன் கணக்கு எழுதுகிறவர், படகுக்கான டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரிக்கும் பக்கம் செய்யலாம். டியூஷன் எடுப்பவர் ஃபீஸ் பாக்கிப் பட்டியல்.

ஒரு எச்சரிக்கை. பழைய கம்பெனியின் உண்மையான கட்டணம், வாடிக்கையாளர் பெயர், எக்செல் கோப்பு எதையும் கிட்ஹப்பில் ஏற்றக் கூடாது. கற்பனை எண்களைப் போடுங்கள். தரவைக் கசிய விட்டவர் என்ற பெயர் வந்தால் பழைய வேலையும் போகும், புது வேலையும் வராது.

பக்கம் ஓட ஆரம்பித்ததும் அந்த வேலையைச் செய்கிற ஒருவரிடம் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். என் சீனியர் தேதியைப் புள்ளி வைத்து அடித்தார். எனக்கு அது தோன்றவே இல்லை.

8. ரியாக்ட், கொஞ்சம் பேக்எண்ட்

இப்போது ரியாக்ட். ஏழாவது படியில் செய்த அதே பக்கத்தை ரியாக்டில் திரும்ப எழுதுங்கள். கணக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் ரியாக்டை மட்டும் கவனிக்கலாம். இரண்டு மாதம். அதோடு சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட், தரவுத்தளத்தோடு பேசும் எஸ்க்யூஎல், இரண்டின் அடிப்படை: ஒரு அட்டவணையில் சேமிப்பது, எடுப்பது, இரண்டு அட்டவணையை ஜாயின் செய்வது. இதற்கு மேல் வேலையில் சேர்ந்த பிறகு படிக்கலாம்.

9. இன்ஸ்டிட்யூட், கன்சல்டன்சி: பணம் கொடுக்கும் முன்

இன்ஸ்டிட்யூட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தனியாக உட்கார முடியாதவருக்கு நேரம் வைத்து இழுத்துச் செல்ல ஒருவர் வேண்டும். ஆனால் "நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட்" என்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த மாதிரி வேலை, வேலை கிடைக்காவிட்டால் பணம் எப்போது திரும்பும். எழுதித் தர மாட்டார்கள். நானே ஒரு இடத்தில் 35,000 கட்டினேன். பிளேஸ்மெண்ட் என்று அனுப்பி வைத்தது போனில் பேசும் வேலையான ஒரு பிபிஓ வாய்ஸ் ப்ராசஸ் இன்டர்வியூவுக்கு.

அசல் மார்க் ஷீட்டை யாரிடமும் பிடித்து வைக்கக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ். "மூணு வருஷம் டெவலப்பர்னு லெட்டர் போட்டுத் தர்றோம்" என்று ஒரு கூட்டம் அலைகிறது. நல்லது கெட்டது இருக்கட்டும், அது மாட்டும். பிஎஃப்காரர்கள் உங்களுக்குக் கொடுத்திருக்கும் யுஏஎன் எண்ணுக்கு எந்தக் கம்பெனி எந்த மாதத்திலிருந்து பிஎஃப் கட்டியது என்று பதிவு இருக்கிறது. சரிபார்க்கும்போது அதையும் பார்ப்பார்கள். கிளியரிங் ஆபீசில் பிஎஃப் கட்டிய அதே மூன்று வருடம் வேறு கம்பெனியில் டெவலப்பராக இருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

10. ரெஸ்யூமேயும் விண்ணப்பமும்

துறை மாறுகிறவர்கள் பழைய வேலையை ரெஸ்யூமேயில் மறைக்கிறார்கள், அல்லது கடைசியில் ஒற்றை வரியில் போடுகிறார்கள். மேலே கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் போதும்: ப்ராஜெக்ட் லிங்க், கிட்ஹப் லிங்க், பழைய வேலையில் என்ன செய்தீர்கள், எந்தக் கணக்கைப் பக்கமாக மாற்றினீர்கள். லிங்க் திறக்கிறதா என்று அனுப்பும் முன் வேறொருவர் போனில் பாருங்கள்.

எங்கே அனுப்புவது? பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் கல்லூரியிலிருந்தே எடுக்கின்றன, நம் விண்ணப்பம் அங்கே தேங்கும். பத்திலிருந்து ஐம்பது பேர் இருக்கும் சிறு கம்பெனிகளைத் தேடுங்கள். அதிலும் உங்கள் பழைய துறைக்கு மென்பொருள் செய்கிறவர்களை முதலில். நான் லாஜிஸ்டிக்ஸ் மென்பொருள் செய்யும் இடங்களாகப் பார்த்து அனுப்பினேன். மொத்தம் 83 விண்ணப்பம், ஒன்பது அழைப்பு, இரண்டு ஆபர்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். திருவொற்றியூரிலிருந்து சிறுசேரிக்குத் தினம் போய் வந்தால் படிக்க நேரம் இருக்காது, முதல் வருடம் படிப்பு நிற்கவே கூடாது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டி. பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்களுக்கு மின்சார ரயிலில் அம்பத்தூர். இந்த இரண்டு வழியிலும் இருக்கும் கம்பெனிகளை முதலில் தட்டுங்கள்.

11. இன்டர்வியூ

"ஏன் மாறுகிறீர்கள்" என்பது முதல் கேள்வி. "ஐடியில் நல்ல சம்பளம்" என்று சொல்லாதீர்கள், "சின்ன வயசிலிருந்தே கம்ப்யூட்டர் மேல ஆசை" என்றும் சொல்லாதீர்கள். எந்தக் கணக்கு உங்களைப் படுத்தியது, அதை எப்படிப் பக்கமாக்கினீர்கள் என்று சொல்லுங்கள். 52 நாள் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள், அப்புறம் அரை மணி நேரம் அந்த நிரலைப் பற்றியே கேட்டார்கள். நான் எழுதியது என்பதால் பதில் இருந்தது.

வழக்கமாக வரும் மற்றவை: இரண்டு சமக்குறிக்கும் மூன்று சமக்குறிக்கும் வித்தியாசம், அர்ரேயை மேப், ஃபில்டர் செய்வது, ஏபிஐயிலிருந்து (இன்னொரு மென்பொருள் தரவு கொடுக்கும் வழி) தரவை எடுத்துப் பட்டியலாகக் காட்டுவது, ஒரு பெட்டியை நடுவில் நிறுத்துவது. இவற்றை ஏஐ உதவி இல்லாமல், தாளில் எழுதிப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சொன்னால் போதும்.

இத்தனை காலம் விலக மாட்டேன் என்று பாண்டில் கையெழுத்து கேட்டால் வீட்டுக்கு எடுத்து வந்து படித்துவிட்டுப் போடுங்கள்.

12. விடைபெறும் மாதம்

ஆபர் லெட்டர் மெயிலில் வந்து, சேரும் தேதியும் சம்பளமும் அதில் எழுதியிருந்தால்தான் ராஜினாமா. போனில் சொன்னதை நம்பிப் பேப்பர் போட்ட ஒருவர் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தார்.

நோட்டீஸ் பீரியடை முழுதாக முடியுங்கள், ரிலீவிங் லெட்டர் வாங்குங்கள். புது இடத்தில் கேட்பார்கள். கடைசி மாதம் சம்பளம் வந்ததா, பிஎஃப் கணக்கில் விலகிய தேதி ஏறியதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் புதுக் கணக்குக்கு மாற்றும்போது இழுக்கும்.

பழைய மேஜைக்கு வருகிறவருக்கு வேலையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். தம்புச் செட்டி தெரு ஆபீசில் இன்னமும் என் டெட்டன்ஷன் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள். போன மாதம் ஒரு லைன் ஸ்லாபை மாற்றியதும் சீனியரிடமிருந்து போன்: "தம்பி, உன் மிஷின் பழைய ரேட்டையே காட்டுதுப்பா, என்னான்னு பாரு."